'மா' ஒன்றானால் மொழி ஒன்றாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன மொழியில் குதிரைக்கு 'மா' என்று பெயர், சங்கத் தமிழிலும் குதிரைக்கு 'மா' என்று பெயர், ஆகவே சீனம் தமிழிலிருந்து பிறந்தது என்று முடியும் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் நெடுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அங்கேயே நின்றிருந்தால் இக்கடிதத்துக்குத் தேவை இருந்திராது. இப்போது இத்தகைய வாதங்கள் பட்டிமன்ற மேடைகளிலும் நாளிதழ்களின் வாசகர் பக்கங்களிலும் ஆதாரம் போலவே எடுத்துவைக்கப்படுகின்றன. இதனால் தமிழுக்குப் பெருமை சேரவில்லை என்பதோடு, தமிழின் தொன்மையைப் பற்றி நாம் சொல்லும் மெய்யான செய்திகளையும் பிறர் ஐயத்தோடு பார்க்கும் நிலை வருகிறது என்பதைத் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

இதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் தொல்லை. தமிழில் 'மா' குதிரையைக் குறித்தது மெய். ஆனால் குதிரையை மட்டும் அது குறிக்கவில்லை. 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்னும் தொல்காப்பியத் தொடரில் அது பொதுவாக விலங்கு. அரிமா என்றால் சிங்கம், கைம்மா என்றால் யானை. மாமரத்துக்கும் அதுவே பெயர், பெரியது என்பதற்கும் அதுவே சொல். இலங்கைத் தமிழர் கோதுமை மா என்று சொல்லும்போது அது நாம் சொல்லும் மாவு. பழைய கணக்கில் 'மா' என்பது இருபதில் ஒரு பங்கு. தஞ்சைப் பக்கத்தில் இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி நிலம். அங்கிருந்து வந்து சென்னையில் குடியேறியவர்கள் ஊரில் உள்ள நிலத்தை இன்றும் ஏக்கரில் சொல்லாமல் 'மூணு மா' என்றுதான் சொல்கிறார்கள். அது ஏறத்தாழ ஓர் ஏக்கர். இத்தனை பொருள்களில் குதிரையை மட்டும் பொறுக்கி எடுத்துச் சீனத்தோடு பொருத்துவது, அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து குறி தப்பவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சீனத்தின் பக்கமும் இதே கதைதான். மாண்டரின் சீனத்தில் 'மா' என்பதைக் குரல் ஏற்ற இறக்கத்தோடு நான்கு வகையாக ஒலித்தால் தாய், சணல் வகைச் செடி, குதிரை, திட்டுதல் என்று நான்கு பொருள்கள் வரும். அதைவிட முக்கியமானது, குதிரைக்குரிய அச்சொல் பண்டைக் காலத்தில் 'மா' என்று ஒலிக்கப்படவே இல்லை என்பது. பழஞ்சீன ஒலிகளை ஆராய்ந்து மீட்டுருவாக்கியவர்கள் அதில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்ததாகக் கொள்கிறார்கள். சீனத்துக்கு உறவான பர்மிய மொழியில் குதிரையைக் குறிக்கும் பழைய சொல்லிலும் அந்த 'ம்ர' உண்டு. எனவே சங்கப் பாடல்களின் காலத்திலிருந்த 'மா'வை இன்றைய பெய்ஜிங் உச்சரிப்போடு ஒப்பிடுகிறோம். காலம் பொருந்தாத இடத்தில் உறவு எப்படிப் பொருந்தும்?

ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை தமிழில் நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. மனித வாய் எளிதில் எழுப்பக்கூடிய இத்தகைய ஓசைகள் சிலவே. உலகில் மொழிகளோ பல்லாயிரம். ஆகவே குறுஞ்சொற்கள் தற்செயலாக மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. சமஸ்கிருதத்தில் 'மா' என்றால் 'வேண்டாம், செய்யாதே'. அரபியில் இடத்துக்கேற்ப 'என்ன' என்றும் 'இல்லை' என்றும் பொருள்படும். தாய்லாந்து மொழியில் சமக்குரலில் சொன்னால் 'வா', குரலை ஏற்றிச் சொன்னால் 'நாய்'. விருந்தினரை அழைப்பவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும்! 'அம்மா', 'அப்பா' போன்ற மழலைச் சொற்களை வைத்துக் கொரிய உறவு கொண்டாடுவோர், ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதற்கு இவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. சௌகார்பேட்டையில் ஏதேனும் ஒரு துணிக்கடையில் சிறிது நேரம் நின்றால் போதும். வடநாட்டுக் கடைக்காரர் உள்ளறையில் இருக்கும் தம் தாயை 'மா' என்று அழைப்பார்; பாவாடை வாங்க வந்த தெலுங்குப் பெண்மணி 'மா பாப்பகி' என்று கேட்பார், அதாவது 'எங்கள் குழந்தைக்கு'; துணியைப் பிரித்துக் காட்டும் தமிழ்ப் பணியாளர் 'என்ன கலர்மா வேணும்?' என்பார். மூன்று 'மா'வும் ஒரே மேசைமீது விழுகின்றன. ஒருவரும் குழம்புவதில்லை.

உண்மையான உறவு இப்படிக் கண்ணுக்கு எளிதில் படாது. தெலுங்கில் 'வீடு' என்றால் 'இவன்'. நம் வீட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஓசையில் சற்றும் ஒத்துவராத 'இவன்' என்னும் தமிழ்ச் சொல்லே அந்தத் தெலுங்கு 'வீடு'வின் உடன்பிறப்பு. ஏனெனில் அவன் என்பது அங்கே 'வாடு', உரல் என்பது 'ரோலு'. முதலில் நின்ற உயிர் இடம் மாறும் ஒழுங்கு ஒன்று இவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. கன்னடத்தில் பால் 'ஹாலு', புலி 'ஹுலி', பத்து 'ஹத்து' என்று பகரம் ஹகரமானதும் அத்தகைய ஒழுங்கே. தென்மொழிகள் ஒரு குடும்பம் என்பதை 1856-இல் கால்டுவெல் விரிவாக நிறுவுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816-இல், சென்னையின் ஆட்சியராக இருந்த எல்லிஸ் இந்நகரில் அமர்ந்து தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை அருகருகே வைத்து எடுத்துக்காட்டினார். அவர் ஒற்றைச் சொல்லை நம்பவில்லை. வரிசை வரிசையாகச் சொற்களைத் தேடினார்.

தமிழ் உள்ளிட்ட நம் தென்மொழிச் சொற்கள் கடல் கடந்து போகவில்லை என்று நான் சொல்லவரவில்லை. மாங்காயின் பெயர் தமிழ், மலையாளக் கரைகளிலிருந்து கப்பலேறி, போர்த்துகீசியரின் 'மாங்கா' வழியாக ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. சீனர் இன்று 'மாங்குவோ' என்று சொல்வதும் அந்தக் கிளையில் காய்த்ததே. சீனத்தில் நம் 'மா' இருக்கத்தான் செய்கிறது, குதிரையாக இல்லை, மாம்பழமாக. அதற்கு வணிக வழி உண்டு, இடையில் நின்ற மொழிகள் உண்டு, காலமும் பொருந்துகிறது.

ஆகவே, இத்தகைய சொல்லொப்புமைகளைத் தங்கள் நாளிதழுக்கு எழுதி அனுப்புவோரிடம், அச்சொல்லின் பழைய வடிவம் என்ன, அதே ஒலிமாற்றத்தைக் காட்டும் வேறு நான்கைந்து சொற்கள் எவை என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடை கிடைத்த பின்பு வெளியிடுமாறு வேண்டுகிறேன். விடையோடு வரும் கட்டுரைக்கு அரைப்பக்கம் கூடுதலாக ஒதுக்கினாலும் தகும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
நுங்கம்பாக்கம், சென்னை.