கிரயத்துக்கு 1.80 லட்சம், தானத்துக்கு 50 ஆயிரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்வந்தர்களிடம் இன்னும் கூடுதலாக வரி வாங்க வேண்டுமா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் சில வாரங்களாக வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் வருமான வரி வீதத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். சேலத்தில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரம் எழுதிப் பிழைத்து வருபவன் நான். என் மேசைக்கு வந்துபோன காகிதங்களை வைத்துப் பார்த்தால், சம்பாதிக்கும் பணத்தின் மீதான வரியைவிட, உழைக்காமல் கைக்கு வந்து சேரும் சொத்தின் மீதான வரியைப் பற்றித்தான் நாம் முதலில் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

2025ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். ஆடி முழுவதும் காற்று வாங்கிக்கொண்டிருந்த சார்பதிவாளர் அலுவலகம் அன்று திருவிழாக் கூட்டமாக இருந்தது. காலையில் அம்மாப்பேட்டையைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். வாடகை வீட்டிலேயே 20 ஆண்டுகள் தறி ஓட்டியவர்கள், 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஓட்டு வீட்டைக் கிரயம் பேசியிருந்தார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 1,80,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல், அந்த அம்மாள் தன் நகைகளை வங்கியில் அடகு வைத்துப் புரட்டிய பணம். அடகுச் சீட்டையும் மூலப்பத்திரத்தின் நகலையும் ஒரே மஞ்சள் பையில் வைத்து மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்திருந்தார்கள். அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத்தான் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதே நாள் பிற்பகலில் வசதியானவர்கள் வாழும் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்தார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் வணிக வளாகம் ஒன்றையும் அதை ஒட்டிய காலி மனையையும் தந்தை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கிறார். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படியே சொத்தின் மதிப்பு 12 கோடி ரூபாய். குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஆனால் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதுவும் 10,000 ரூபாயோடு நின்றுவிடும். 2023 ஜூலைக்கு முன்பு இந்த உச்சவரம்புகள் 25,000 ரூபாயும் 4,000 ரூபாயுமாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். மொத்தம் 50,000 ரூபாய் என்றதும் அந்தப் பையன், "அவ்வளவுதானா சார்? என் கார் இன்சூரன்ஸே இதைவிடக் கூட வருமே" என்று கேட்டான். நல்ல பையன், அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நெசவாளர் நூறு ரூபாய்க்கு 9 ரூபாய் கட்டினார். 12 கோடி ரூபாய்ச் சொத்துக்குக் கட்டப்பட்டது நூறு ரூபாய்க்கு 4 காசு சொச்சம். கிரயமும் தானமும் ஒன்றாகிவிடுமா, ஒன்று வியாபாரம், மற்றது பாசம் என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டமும் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. ஆனால் அந்த மகனுக்கு வந்த 12 கோடிக்கு வருமான வரியும் கிடையாது. நெருங்கிய உறவினரிடமிருந்து வரும் அன்பளிப்புக்கு வருமான வரிச் சட்டத்தில் முழு விலக்கு உண்டு. நெசவாளரோ, ஓடு பிரித்துத் தளம் போடச் சிமெண்ட் வாங்கும்போது மறைமுக வரியிலிருந்து தப்பவே முடியாது. சிமெண்ட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த 18 சதவீதத்தில் மாளிகைக்கும் ஓட்டு வீட்டுக்கும் வேறுபாடில்லை.

நம் நாட்டில் இப்படிப்பட்ட சொத்துக்கு வரியே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 1953இல் எஸ்டேட் வரி என்ற பெயரில் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்துக்கு வரி வந்தது. 1957இல் கையில் உள்ள சொத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் செல்வ வரி, 1958இல் அன்பளிப்பு வரி. எஸ்டேட் வரி 1985இலும், அன்பளிப்பு வரி 1998இலும், செல்வ வரி 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் எடுக்கப்பட்டன. எடுத்ததற்குக் காரணங்களும் இருந்தன, அவற்றை மறைப்பது நியாயமல்ல. எஸ்டேட் வரியின் உச்ச வீதம் 85 சதவீதம் வரை போனது. அப்படிப் போனால் நேர்மையானவனும் வழி தேடத்தான் செய்வான். கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வந்தது. செல்வ வரியில் 2013-14இல் கிடைத்தது ஏறத்தாழ 1,008 கோடி ரூபாய். அதற்கு மாற்றாக, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு விதித்த 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜில், அதாவது வரியின் மேல் போடும் வரியில், 9,000 கோடி கிடைக்கும் என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி கணக்குச் சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சர்சார்ஜ் வருமானத்தைத்தான் தொடுகிறது. ஃபேர்லேண்ட்ஸ் பையனுக்குக் கிடைத்த தானம் வருமானம் அல்லவே. தவிர, சர்சார்ஜும் செஸ்ஸும் மாநிலங்களுக்குப் பங்கிடும் தொகுப்பில் சேருவதில்லை. எனவே பணக்காரர் மேல் எத்தனை சர்சார்ஜ் ஏற்றினாலும், மத்திய வரிகளில் மாநிலங்களுக்குக் கிடைக்கும் 41 சதவீதப் பகிர்விலோ அதில் தமிழ்நாட்டின் பங்கிலோ அது ஒரு காசும் கூட்டாது.

வருமான வரி வீதத்தை உயர்த்தினால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. புதிய வரி முறையில் 50 லட்சம் ரூபாய் வரிக்குரிய சம்பளம் உள்ள ஒரு மருத்துவர் செஸ்ஸோடு சேர்த்து 11 லட்சத்துக்கு மேல் கட்டுகிறார். அதே 50 லட்சத்தைப் பங்குகளை நீண்ட நாள் வைத்திருந்து விற்ற லாபமாகப் பெற்றவர், 12.5 சதவீத வீதத்தில், ஏறத்தாழ 6 லட்சம் கட்டினால் போதும். வீதத்தை ஏற்றினால் அடி விழுவது முதலாமவருக்கு. 1973-74இல் உச்ச வீதம் 97.75 சதவீதம் வரை ஏறியதைப் பார்த்த தேசம் இது. அந்த உயரம் வரியைக் கொண்டுவந்ததைவிடக் கறுப்புப் பணத்தைத்தான் அதிகம் கொண்டுவந்தது என்பது என் கருத்து.

ஏற்காட்டையும் சொல்லாமல் விட முடியாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை அந்த மலைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அங்கே ஒரு எஸ்டேட்டுக்குப் பத்திரம் எழுத நான் போயிருக்கிறேன். நான்கெல்லை எழுதுவதற்கு ஓடையையும் சில்வர் ஓக் மர வரிசையையும் நடந்து பார்க்கவே ஒரு முழு நாள் ஆயிற்று. மிளகுக் கொடி ஏறாத மரம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. காப்பியைப் பயிர் செய்து பழமாகவே விற்றால் அது விவசாய வருமானம், மத்திய அரசின் வரி இல்லை. பயிரிட்டவரே பதப்படுத்தி விற்றால் கால் பங்கு வருமானத்துக்கு மட்டும் வரி உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் விவசாய வருமானத்துக்கான விலக்கு தொடர்கிறது. ஓமலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போடுகிறவருக்கு இந்த விலக்கு வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பங்களாவோடு கூடிய பெரிய எஸ்டேட்டுக்கும் அதே விலக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி. விவசாய வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்புப்படி மாநிலத்திடமே இருக்கிறது. 1972இல் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையிலான குழு பெரிய விவசாய உடைமைகளுக்கு வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

கூடுதலாக உள்ளவர் கூடுதலாகக் கட்டுவது நம் ஊருக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது சேலம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் உயர்வு என்று படிப்படியாகத்தான் வைத்தார்கள். முணுமுணுத்தோம், ஆனால் பெரிய வீட்டுக்கு ஏன் அதிகம் என்று அழகாபுரத்தில்கூட யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்கான உச்சவரம்பை 5 கோடி ரூபாய் மதிப்பு வரை இப்போதிருப்பதுபோலவே விட்டுவிடலாம். அந்த வரம்பு இல்லாவிட்டால் 600 சதுர அடி வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் மக்கள் தயங்குவார்கள், வாய்ப் பேச்சில் பிரித்துக்கொண்டு பின்னால் நீதிமன்றத்துக்கு அலைவார்கள். அதை நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன். 5 கோடிக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் உச்சவரம்பை எடுத்துவிட்டு 2 சதவீதம் வைக்கலாம். அப்படி வைத்தால் அந்த மகன் கட்ட வேண்டியது 14,50,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 21 காசு. நெசவாளரின் 9 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட அது வராது.

சொத்து இருக்கிறது, கையில் பணம் இல்லை என்ற நிலை எஸ்டேட் குடும்பங்களுக்கு உண்மையாகவே வரும். காப்பி விலை இறங்கிய ஆண்டுகளில் அதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு 5 ஆண்டுத் தவணை கொடுக்கலாம். வரி போட்டால் செல்வம் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஓடிவிடும் என்ற பயம் பங்குப் பத்திரங்களுக்கு ஓரளவு பொருந்தும். ஐந்து ரோட்டில் நிற்கும் வணிக வளாகம் எங்கே ஓடும்? ஒரே சொத்தைத் துண்டு துண்டாகப் பத்து பத்திரங்களாக எழுதி வரம்புக்குள் அடக்கிவிடுவார்கள் என்றால், ஆம், நிச்சயம் செய்வார்கள். எங்கள் தொழிலிலேயே அதற்கு யோசனை சொல்ல ஆள் உண்டு. ஒருவர் மற்றொருவருக்கு 10 ஆண்டுகளில் எழுதிய எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டால் அது அடைபடும். பதிவுகள் எல்லாம் கணினியில் இருக்கும் காலத்தில் அது பெரிய வேலையே அல்ல.

என் யோசனையில் அடைபடாத ஓட்டை ஒன்று உண்டு. செட்டில்மெண்ட் எழுதாமல், தந்தை காலமான பின் வாரிசுச் சான்று வைத்துப் பட்டா மாற்றிக்கொண்டால் முத்திரைத் தீர்வையே இல்லை. மரணத்தால் வரும் சொத்துக்கு வரி போடும் அதிகாரம் விவசாய நிலத்தைப் பொறுத்தவரை மாநிலத்துக்கும், மற்றவற்றுக்கு மத்திய அரசுக்கும் பிரிந்து கிடக்கிறது. மத்திய அரசு முன்வராமல் இந்தப் பாதி நிறைவேறாது. ஜப்பானில் வாரிசுச் சொத்து வரியின் உச்ச வீதம் 55 சதவீதம், பிரிட்டனில் 40 சதவீதம். அவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் பொருளாதார அறிஞர்கள் 2024இல் கணக்கிட்டிருக்கும்போது, பூச்சியம் என்ற வீதத்துக்கு நியாயம் சொல்ல வேண்டிய பொறுப்பு, வரி வேண்டும் என்பவர்களிடம் அல்ல, வேண்டாம் என்பவர்களிடமே இருக்கிறது.

மாநில அரசின் கையிலேயே உள்ள முதல் பாதிக்கு, அதாவது செட்டில்மெண்ட் தீர்வைக்கு, டெல்லிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் பதிவுத்துறை மாவட்டந்தோறும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தலாம். சேலத்தில் நடத்தினால், எந்தத் தெருவில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையில் பாதிகூட இல்லை என்பதைப் பத்திர எழுத்தர்களாகிய எங்களால் வரிசையாகச் சொல்ல முடியும். அதைச் சரிசெய்யாமல் 2 சதவீதம் வைத்தும் பயனில்லை. கூப்பிட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
பத்திர எழுத்தர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.