அந்த நீல நோட்டு

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் வலியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, பேத்தியின் போனில் அவளுக்குத் தெரியாமல் ஒரு செயலியைப் போட்டிருப்பதாகவும், அவள் யாருக்கு என்ன எழுதினாலும் அது உனக்கு வந்துவிடுவதாகவும் சொன்னாய். "நீங்கள் என்னை வளர்த்த மாதிரிதான் அப்பா" என்றும் சொன்னாய். கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ பயப்படுவதில் தவறில்லை. கெட்ட படங்களைப் பிள்ளைகள் தேடிப் போன காலம் போய், அவையே பிள்ளைகளைத் தேடி வருகின்றன. முகம் தெரியாத ஒருவன் சம வயதுப் பையனைப் போலப் பழகி, ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, அதை வைத்தே மிரட்டுகிறான். பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயதுக்குக் கீழே கூடாது என்று விதி வைத்திருந்தும், பிறந்த வருடத்தை மாற்றிக் கொடுப்பதற்குப் பெற்றோரே துணைபோகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது என்று சட்டமாகவே ஆகிவிட்டது. வேதத்தில் ஆசாரியனாகிய ஏலி தன் குமாரர் செய்த தீமையை அறிந்தும் அவர்களை அடக்காமல் விட்டதன் முடிவை வாசித்த நாம் சும்மா இருக்க முடியாது. இந்த மட்டும் உன்னை மெச்சுகிறேன்.

ஆனால் மறைந்திருந்து பார்க்காதே; அவளிடம் சொல்லிவிட்டுப் பார். இரவில் அவள் போன் கூடத்தில் இருக்கட்டும், உன்னுடையதும் அதன் அருகிலேயே இருக்கட்டும். யார் மிரட்டினாலும் வீட்டில் சொல்லலாம், திட்டு விழாது என்று இன்றைக்கே சொல்லிவை. பிள்ளை வீட்டில் சொல்லப் பயப்படும் என்ற ஒன்றை நம்பித்தான் மிரட்டுகிறவன் பிழைக்கிறான். வேதத்தில் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட வாலிபன் தானியேல் அந்தக் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றான், அவர்கள் இட்ட பெயரையும் சுமந்தான், ராஜாவின் போஜனத்தை மட்டும் தொடமாட்டேன் என்று தன் இருதயத்தில் தானே தீர்மானித்தான். அவனை வேவு பார்க்க அங்கே தகப்பன் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ வருடம் இதைப் போதித்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

குடும்ப ஜெபம் நடக்கிறதா என்று கேட்டால் "நடக்கிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். மேலே கேட்க எனக்கு வாய் வருவதில்லை. ஏன் என்பது உனக்கும் தெரியும்.

அந்த நீல நோட்டை நான் ஒருமுறைதான் எடுத்துப் படித்தேன் என்று நீ நினைத்திருப்பாய். ஒரு வருடமாக, நீ வெளியே போனபோதெல்லாம் படித்தேன். அதில் வெட்கப்படும்படி ஒன்றும் இல்லை. ஜெபிக்கும்போது யாரும் கேட்பதாகத் தோன்றவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாய். அதை வைத்து உன்னோடு உட்கார்ந்து பேசத் துணியாமல் போதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பெயர் சொல்லாமல் வாலிபர் கூட்டத்தில் வாசித்தார். நீ தலைகுனிந்த விதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உலகத்திடமிருந்து உன்னைக் காப்பதாகவே அப்போது நினைத்தேன். உண்மை என்னவென்றால், அந்த நாட்களில் முழங்காலில் நின்றபோது எனக்கும் அப்படியேதான் இருந்தது. உன்னிடம் அதைச் சொல்லியிருந்தால் நீ தனியாக இருந்திருக்கமாட்டாய். அதன்பின் நீ ஒரு வாரம்கூடத் தவறாமல் ஆராதனைக்கு வந்தாய். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு அன்று பேத்தி போனை வாங்கி, "நல்லா இருக்கேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு உடனே கொடுத்துவிட்டாள். பதினேழு வயதில் நீ பேசிய குரல் அது. அவளுக்குப் பதினான்குதான் ஆகிறது.

அந்தச் செயலியை எடுத்துவிடு; இல்லையென்றால் அது இருப்பதை நீயே அவளிடம் சொல். நோட்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. உனக்கு அனுப்பட்டுமா என்று எழுது.

அப்பா