அந்தக் கண்ணாடி எக்ஸ்ரே கண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுகெலும்பு ஆபரேஷனில் டாக்டர்கள் அணியும் ஆக்மென்டெட் ரியாலிட்டி கண்ணாடி (கண்ணுக்கு நேரே தெரியும் காட்சியின் மேல் கம்ப்யூட்டர் படத்தைப் பொருத்திக் காட்டுவது) பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். 'தோலுக்குள் இருக்கும் எலும்பை நேரில் பார்க்கலாம்' என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது.

ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியை இயக்கி ஓய்வு பெற்றவன் நான். கண்ணாடியில் தெரிவது எலும்பு அல்ல, முன்பே எடுத்த சி.டி. படம். அந்தப் படம் ஆளின் முதுகோடு பொருந்தி நிற்பதற்காக, எலும்பில் ஓர் அடையாளக் கருவியை இறுக்கி மாட்டுவார்கள். யாருடைய முழங்கையாவது பட்டு அது அசைந்துவிட்டால், படம் அழகாகவே தெரியும், இடம்தான் தப்பாக இருக்கும். திறந்து செய்கிற ஆபரேஷன் என்றால் எலும்பைப் பார்த்துச் சுதாரிக்கலாம். சிறு துளை வழியே முதுகெலும்பில் ஸ்குரூ இறக்கும்போது அதற்கு வழியில்லை. சில மில்லிமீட்டர் விலகினாலே நரம்புக்கு ஆபத்து.

கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. 'ஷூட் பண்ணுப்பா' (எக்ஸ்ரே எடு) என்று சொல்லிவிட்டு, கை முதுகிலும் கண் மானிட்டரிலுமாக டாக்டர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி வேலை செய்ததைப் பார்த்தவன். அந்தச் சிரமம் குறையும். 2020 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் இதை அணிந்து ஒரு நோயாளிக்கு 6 ஸ்குரூ பொருத்தினார்கள். தியேட்டரில் எக்ஸ்ரே எடுப்பது குறைவதால், கதிரைத் தடுக்கும் ஈய அங்கியான லெட் ஏப்ரன் சுமக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் நிம்மதிதான் (அந்த ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள், ஈயம் விரிசல் விடும் என்று கத்தியே தொண்டை போனது). ஆனால் நோயாளிக்கு சி.டி. கதிர்வீச்சு உண்டு. அதையும் எழுதியிருக்கலாம்.

கட்டுரை வந்த வாரமே கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், 'அண்ணே, இந்தக் கண்ணாடி ஆபரேஷன் பெங்களூர்ல எங்க செய்றாங்க?' என்று பத்திரிகையோடு வந்துவிட்டார். அவருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஸ்குரூவே தேவையில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மாத்திரை, உடற்பயிற்சியிலேயே வலி அடங்கிவிடும். கடன் வாங்கிக்கொண்டு ஓசூர் தாண்டும் முன், 'எனக்கு ஆபரேஷன் அவசியமா?' என்று கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே கேட்கலாம்.

கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மட்டும் அன்றைக்கே ஓட வேண்டும். அப்போது கண்ணாடி இருக்கிற ஊரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

- ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.