அமைச்சர் சொன்ன பதிலுக்குத் தேதி வேண்டும்

ஐயா,

சட்டமன்றக் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. வயல் வேலை இல்லாத நாளில் தவறாமல் பார்க்கிறேன். பாலம், பேருந்து, துணை மின்நிலையம், கால்நடை மருந்தகம் என்று உறுப்பினர்கள் கேட்பதெல்லாம் எங்கள் அன்றாடப் பாடுதான். 'அரசின் பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்' என்ற பதில்களைக் கேட்கும்போதுதான் மனம் சோர்ந்துபோகிறது. எப்போது என்பதைத்தானே நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

காவிரி டெல்டாவில் குறுவை நெல் அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பதில்லை. அந்த வரம்பைத் தளர்த்த மத்திய அரசின் அனுமதி வர வேண்டும். போன ஐப்பசியில் எங்கள் நெல் அம்பாரம் ஒன்பது நாள் சாலையோரம் கிடந்தது. சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்றே தினமும் சொன்னார்கள். தார்ப்பாயைத் தூக்கினால் அடிநெல் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் அள்ளினேன், வெள்ளை வெள்ளையாய் முளை. என் மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைக் கண்காணிக்கச் சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வருகிறது. அந்தக் குழுவிடம் உள்ள பட்டியலைத் தொகுதிவாரியாக, முடிக்கும் தேதியோடு, தாலுகா அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கூரை போட்ட கொள்முதல் நிலையங்கள் எங்கே, எந்த மாதத்துக்குள் என்பது அதில் முதலில் இருக்கட்டும். அடுத்த குறுவை அறுப்புக்கு முன் அதைச் செய்ய வேண்டும்.

– ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்