அம்மாவுக்கு ‘எதுவும் கொடுக்காதே’ என்றவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை சொந்தங்களுக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கும், எம்.சி. ரோடு கடைக்காரர்களுக்கும், பொழுது சாய்ந்தால் அம்மாவின் இட்லிக் கடை முன்னால் தட்டோடு நிற்கும் எல்லாருக்கும் வணக்கம்.

அம்மாவின் மூக்கில் இருந்த டியூபைப் போன வாரம் எடுத்துவிட்டார்கள். இப்போது வாயால்தான் சாப்பிடுகிறார். ஒவ்வொரு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர இன்னும் தோதுப்படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பக்கவாதம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். மாவு கரைத்துக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே விட்டார், வாய் கோணியது, பக்கத்துக் கடைத் தம்பி ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். நேரத்தோடு கொண்டு போனதால் உயிர் தப்பியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் விழுந்துவிட்டன. கூடவே விழுங்குவதும். கை கால் விழுந்தால் பார்த்தாலே தெரியும். தொண்டை விழுந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வாயில் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

நம் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் முதல் கேள்வியே “சாப்ட்டாங்களா?” என்பதுதான். கையில் பிரெட், ஹார்லிக்ஸ், ஆப்பிள் இல்லாமல் யாரும் வார்டுக்குள் நுழைவதில்லை. அம்மாவோ இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தெருவுக்கே இட்லியும் பாயாவும் ஊற்றியவர். வந்தவர்கள் எல்லாம் அவருக்கு எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்று துடித்ததில் தப்பே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நின்று “குடுக்காதீங்க” என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதைச் சொன்னவர்களுக்குத்தான் என் முதல் கும்பிடு.

முதல் ஆள் பேச்சுப் பயிற்சி மேடம். பேச்சுக்கு மட்டும்தான் வருகிறார் என்று நினைத்திருந்தோம். விழுங்குவதைச் சோதிப்பதும் அவர் வேலைதானாம். அம்மாவின் தொண்டையில் விரலை வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, பேசச் சொன்னார். குரல் களகளவென்று ஈரமாக வந்தது. “இருமல் வரலைன்னா சரியா உள்ள போகுதுன்னு அர்த்தம் இல்லம்மா. சில பேருக்குச் சத்தமே இல்லாம மூச்சுக்குழாய்க்குப் போயிடும். அப்புறம் நிமோனியா வந்து படுத்துடுவாங்க” என்றார். அன்றைக்கே ரைல்ஸ் டியூப் போட்டார்கள். மூக்கு வழியாகப் போய் இரைப்பையில் நிற்கும் குழாய். “இது தற்காலிகம்தான், தொண்டை தேறியதும் எடுத்துடலாம்” என்று மேடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் தாங்கினோம்.

இரண்டாவது ஆள், காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்கார ஆயா. அம்மாவோடு வெற்றிலை மென்று ஊர்க்கதை பேசுகிறவர். நாங்கள் வீடு திரும்பிய முதல் நாள் டம்ளரில் டீயோடுதான் வந்தார். “ஒரே ஒரு வாய்டி, நாக்கு நனையட்டும்” என்று என்னிடம் சண்டை. மேடம் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு டீயைத் தானே குடித்தார். மறுநாளிலிருந்து வாசற்படியில் அவர்தான் காவல். “எவனாவது டீ கிளாஸோட உள்ள வந்தான், கைய ஒடிச்சிடுவேன். அதுக்குத்தான் மூக்குல ரயிலு டியூப்பு போட்டுக்குதே, தெரில?” என்று அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். சில சொந்தக்காரர்களுக்கு வருத்தம். இருக்கட்டும். ஆயா இல்லாவிட்டால் அந்த மரியாதைப் பேச்சுகளையெல்லாம் தாண்டி நான் ஒருத்தியாக “வேண்டாம்” சொல்லியிருக்க முடியாது. அம்மா முன்னால் அவர் வெற்றிலைப் பையைத் திறக்கவே இல்லை என்பதையும் கவனித்தேன், ஆயா.

வார்டு சிஸ்டர் கற்றுக்கொடுத்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதே நிலையில் வேறு யாராவது இருக்கலாம். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் 50 மில்லி சிரிஞ்சை என் கையில் வைத்து, “இனிமே நீதான் நர்ஸு” என்றார். முதலில் அம்மாவை நன்றாகச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். படுக்க வைத்து ஊற்றவே கூடாது. பிறகு மூக்கைப் பார்க்க வேண்டும். டியூபில் 50, 60, 70 சென்டிமீட்டரில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று அச்சிட்டிருக்கும். மூக்கின் நுனியில் எது நிற்கிறதோ அங்கே சிஸ்டர் பேனாவால் குறி போட்டு, சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். குறி ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தாலும் அந்த வேளை ஃபீடு, அதாவது டியூப் வழிச் சாப்பாடு, கிடையாது. குறி சரியாக இருந்தால் சிரிஞ்சில் மெதுவாக இழுத்து, முந்தின வேளைக் கஞ்சி வயிற்றில் தேங்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் ஊற்றுவது. சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிவிட்டு, டியூபை விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டே வெறும் குழலை அதில் மாட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, பிறகு கஞ்சி. குழலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அது தானாக இறங்கும். “தானா இறங்கணும், நீ தள்ளக் கூடாது” என்று என் அவசரத்தைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தினார். 200 மில்லி இறங்கக் கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். குழல் காலியாவதற்குள் அடுத்ததை ஊற்ற வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே போய் வயிறு உப்பும். கடைசியில் திரும்பவும் தண்ணீர். அதை ஊற்ற மறந்தால் கஞ்சி காய்ந்து டியூப் அடைத்துக்கொள்ளும். ஊற்றி முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை படுக்க வைக்கக் கூடாது. வாயால் சாப்பிடாவிட்டாலும் காலை, இரவு வாயைத் துடைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் வார்டு ஆயாம்மா. விரலில் ஈரத் துணி சுற்றி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் என்று அவர் துடைத்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஸ்டான்லியை நம் ஏரியா பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வார்கள். 1782-ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அங்கேயே நானும் கஞ்சி ஊற்றப் படித்தேன் என்று சிஸ்டரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி எதிர்வீட்டு மருமகளுக்கு. அம்மாவின் இடது கை நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வினை. ஒரு ராத்திரி தூக்கத்தில் டியூபைப் பிடுங்கிவிட்டார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் புதிதாகப் போட்டு, காற்றைத் தள்ளி, வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, “உள்ள இருக்கு, ஃபீடு குடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு ஓயாத இருமல். நர்சிங் படித்த அந்தப் பெண் நைட்டியோடு ஓடி வந்தது. அம்மா வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் டார்ச்சை அடித்தால், நாக்குக்குப் பின்னால் டியூப் சுருண்டு கிடக்கிறது. “அக்கா, ஒரு சொட்டு தண்ணி கூட ஊத்தாத. காத்துச் சத்தத்த நம்பக் கூடாது. உள்ள இருந்து இழுத்த தண்ணிய, அமிலம் பாக்குற பி.எச். பேப்பர்ல பாக்கணும், அஞ்சரைக்குள்ள இருக்கணும். இல்ல எக்ஸ்ரே எடுக்கணும்” என்று சொன்னதோடு நிற்காமல், விடிந்தால் டியூட்டி என்று தெரிந்தும் எங்களோடு ஸ்டான்லிக்கு ஆட்டோவில் ஏறியது. அங்கே எடுத்துவிட்டுச் சரியாகப் போட்டு, எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் ஃபீடு. தங்கச்சி, உனக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. உன் மாமியாரிடம் சொல்லி உனக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

மெடிக்கல் ஷாப் அண்ணனும் ‘கூடாது’ கட்சிதான். மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கப் போகிறேன் என்றதும் சீட்டை வாங்கிப் பார்த்து இரண்டைத் தனியாக எடுத்து வைத்தார். ஒன்று குடலுக்குப் போய்க் கரைய வேண்டும் என்று மேல் பூச்சு போட்ட ஆஸ்பிரின். இன்னொன்று நாள் முழுக்க மெதுவாகக் கரையும் ரகம். “இத இடிச்சா பூச்சும் போச்சு, கணக்கும் போச்சு. டாக்டர்கிட்ட கேட்டு மாத்திட்டு வா” என்று விற்பனையை விட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார். மீதி மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே கரைத்து, நடுவில் தண்ணீர் விட வேண்டும் என்றும் சொன்னார்.

மாடி வீட்டுக்காரர்களே, உங்கள் தூக்கத்துக்கு நன்றி. விடியற்காலையிலும் ராத்திரியிலும் மிக்சி ஓடாத நாள் இல்லை. கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு, வெந்த முட்டை எல்லாம் அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி இறக்குவேன். எங்கள் மிக்சி புகைந்து நின்ற அன்று, ஏன் சத்தமில்லை என்று கேட்டு உங்கள் மிக்சியையே இறக்கிக் கொடுத்தீர்கள்.

கடையை மூடினால் அந்த இடம் போய்விடும். அதை விடாமல் நடத்திய அடுத்த வீட்டு அக்கா முதலில் தயங்கினார், பாயா வாசனை அம்மாவைப் படுத்துமே என்று. அம்மாவிடமே கேட்டோம். இடது கையால் “கொண்டு வா” என்றார். அன்றிலிருந்து தினமும் மசாலா கட்டிலுக்கு வரும். ஒரு மூக்கில் டியூப், மறு மூக்கால் மோந்து பார்ப்பார். பூண்டு பச்சை வாடை அடித்தால் கையை உதறிப் போ என்று விரட்டுவார். அக்கா திரும்பப் போய் வதக்குவார். “இன்னா முதலாளி, இப்ப ஓகேவா?” என்று அவர் கேட்கும்போது அம்மாவின் கோணிய வாய் சிரித்தது. வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் அவரைக் கடைக்காரியாகவே வைத்திருந்தீர்கள், அக்கா.

எம்.சி. ரோடில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோ தம்பி காலை நிற்க வைத்தார், பி.பி. மாத்திரை கொண்டுவரும் அம்மா ஒரு தடவையும் தவறவில்லை. ஆட்டோ மாமா வண்டிக்குக் கேஸ் போடும் காசுக்கு மேல் வாங்கவே இல்லை. தச்சு வேலை பார்க்கும் பெரியப்பா, கட்டிலில் வைக்கச் சாய்வுப் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தார்.

மேடம் நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி கொடுத்து, மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்கப் பழக்கி, கடைசியில் கெட்டித் தயிர் ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்த்தார். குரல் தெளிவாக வந்தது. பிறகு குழைந்த சோறு, மசித்த இட்லி. வாயாலேயே வயிறு நிறையச் சாப்பிடுகிறார் என்று உறுதியான பிறகுதான் டியூபை எடுத்தார்கள். எடுக்க ஒரு நொடிதான். அம்மா முதலில் செய்தது, இடது கையால் மூக்கை நன்றாகச் சொறிந்துகொண்டதுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் முதல் அம்மா கடைப்பக்கம் நாற்காலியில் உட்காருவார். வந்து பேசுங்கள், பதில் வர நேரமானாலும் நில்லுங்கள். தண்ணீரும் டீயும் மட்டும் நீட்டாதீர்கள். நீர்த்ததுதான் இன்னும் புரை ஏறுகிறது, கெட்டியாக்கித்தான் தருகிறோம். மீன்கார ஆயாவும் பக்கத்தில்தான் இருப்பார்.

பிரிக்காத சிரிஞ்சுகள் சிலவும் பெரியப்பாவின் சாய்வுப் பலகையும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. யார் வீட்டிலாவது டியூப் போட்டவர் இருந்தால் கேளுங்கள், காசு வேண்டாம். பலகை கனம், தூக்க இரண்டு பேராக வாருங்கள்.

இப்படிக்கு,
இட்லிக் கடை அம்மாவின் மகள்
பழைய வண்ணாரப்பேட்டை