கூட்ட மீன்கள் வாங்கும் முன்

நண்பர்களே, "ஒரு ஜோடி நியான் டெட்ரா போதுமா?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். போதாது. இது கூட்டமாக வாழும் சின்ன மீன், ஒரே இனத்தில் குறைந்தது 6 வேண்டும். 10 இருந்தால் பயம் தெளிந்து வெளியே நீந்தும், நிறமும் எடுக்கும். 60 செ.மீ. நீளத் தொட்டி இதற்குப் போதும்.

டைகர் பார்ப் சரியான வம்புக்காரன். மூன்று நான்கு மட்டும் விட்டால் மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும். 8-க்கு மேல் இருந்தால் சண்டை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அப்போதும் ஏஞ்சல், ஃபைட்டர் மீன்களோடு விட வேண்டாம்.

ஜீப்ரா டேனியோ ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி உயரத்தைவிட நீளம் முக்கியம். தொட்டியின் அடியில் மேயும் கோரிடோராஸுக்கும் கூட்டம் தேவை.

பாலா ஷார்க் குட்டியில் அழகுதான். 30 செ.மீ. வளரும், அதுவும் கூட்டமாக! வீட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் ஏறிவிடும், அது மீன்களுக்கு விஷம்.