முகப்பில் இருக்க வேண்டிய 21 எழுத்து

ஐயா,

நிறுவன இணையதளங்கள் பலவற்றில் பதிவு அலுவலக முகவரியும் சிஐஎன் எண்ணும் (நிறுவனத்தின் 21 எழுத்து அடையாள எண்) 'தொடர்புக்கு' பக்கத்தில்தான் கிடக்கின்றன. அது போதாது. நிறுவனப் பதிவு விதிகள் 2014-இன் 26-வது விதி முகப்புப் பக்கத்திலேயே பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன், தொலைபேசி, மின்னஞ்சல், புகார்களுக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர் ஆகியவற்றைக் கேட்கிறது. பெரும்பாலும் விடுபடுவது அந்தக் கடைசிப் பெயர்தான்.

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 12 வணிகக் கடிதம், பில் தாள், அறிவிப்பு எல்லாவற்றிலும், அந்தக் கடைசிப் பெயர் தவிர, இதே விவரங்களைக் கோருகிறது. மின்னஞ்சலும் வணிகக் கடிதம்தான் என்று கொண்டு, கையொப்பத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. படமாக அல்ல, எழுத்தாக. படத்தைப் பல மின்னஞ்சல் பெட்டிகள் மறைத்துவிடும்.

பதிவு அலுவலகம் வேறு மாநிலத்துக்குப் போனாலோ, பங்குச்சந்தையில் பட்டியலிட்டாலோ சிஐஎன் மாறும். தளத்தில் திருத்துவார்கள், பில் மென்பொருளில் பழையதே ஓடும். பெயர் மாற்றினால் பழைய பெயரையும் 2 ஆண்டுகள் சேர்த்துப் போட வேண்டும்.

தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், உச்சம் 1 லட்சம். நிறுவனத்துக்கு மட்டுமல்ல, பொறுப்பான ஒவ்வொரு அதிகாரிக்கும் தனித்தனியாக.

இப்படிக்கு,
வாசகர், கோவை